கிற்றார் வாங்குவோர் அறிய வேண்டியவை

இசை பயில விரும்பும் பிள்ளைக்குக் கிற்றார் ஒன்று வாங்கிக் கொடுக்க எண்ணும் குடும்பத்தினர், பெரும்பாலும் விலை குறைந்த கருவியையே நாடுவர். அஃது இயல்பே. ஆயின், விலையிற் குறைந்த கருவி வேறு. தரத்திற் குறைந்த கருவி வேறு. தரத்திற் குறைந்தது கைக்கு வந்தால், தந்தியை அழுத்த மாட்டாமல் விரல் நோகும்; எவ்வளவு முறுக்கினும் சுருதி சேராது. சில மாதங்களுக்குள் கருவி மூலையிற் சாய்ந்துவிடும். "எனக்கு இசை வராது" என்று பிள்ளையும் முடிவு கட்டிவிடும். குற்றம் கருவியினுடையது, பழியோ பிள்ளையின் மேலது. சிறு தொகையைக் கொண்டு இப்பழியைத் தவிர்ப்பது எவ்வாறு என்பதே இங்கு விளக்கப்படுவது.

முதற்கண் தெளிய வேண்டியது, எவ்வகைக் கிற்றார் வேண்டும் என்பதாகும். மின்விசையின் துணையின்றி ஒலிக்கும் கிற்றார்கள் இருவகைப்படும். ஒன்று, ஸ்பெயின் நாட்டு மரபில் வந்த நைலோன் தந்திக் கிற்றார். முன்னர் இதற்கு விலங்குக் குடலால் ஆன நரம்பே பூட்டப்பட்டது. இரண்டாம் உலகப் போரின் பின்னரே நைலோன் அவ்விடத்தைப் பெற்றது. இதன் விரற்பலகை தலைப்பக்கத்தில் ஏறத்தாழ 52 மில்லிமீற்றர் அகலமுடையது; தந்திகள் விரலுக்கு மென்மையானவை. மற்றையது உருக்குத் தந்திக் கிற்றார். இதன் விரற்பலகை ஏறத்தாழ 43 அல்லது 44 மில்லிமீற்றர் அகலமே உடையது, ஒலி உரத்தது, பாட்டுக்குத் துணையாக வாசிப்போர் பெரிதும் விரும்புவது.

ஈண்டு ஓர் எச்சரிக்கை. நைலோன் தந்திகள் ஆறும் சேர்ந்து கருவியை இழுக்கும் விசை ஏறத்தாழ 40 கிலோகிராம் நிறைக்குச் சமம். உருக்குத் தந்திகளின் விசையோ 70 கிலோகிராமையும் எட்டும். நைலோனுக்கென அமைந்த கருவியில் உருக்குத் தந்தியைப் பூட்டினால், குதிரை பெயரும், மேற்பலகை புடைக்கும், தண்டும் வளையும். இப்பிழையினால் அழிந்த கருவிகள் பல.

இனி, ஒலியின் உறைவிடம் யாது? ஸ்பெயின் நாட்டு அந்தோனியோ தெ தொரெஸ் என்னும் கருவிச் சிற்பி, 1862 இல் இதற்கு விடை கண்டார். பக்கங்களையும் முதுகையும் வெறும் அட்டையாற் செய்து, மேற்பலகையை மட்டும் நல்ல மரத்தால் அமைத்து ஒரு கிற்றாரை ஆக்கினார். கிற்றாரின் குரல் மேற்பலகையிலேயே தங்கியுள்ளது என்பதை மெய்ப்பிப்பதே அவர் நோக்கம். அக்கருவி இன்றும் பார்சிலோனா நகரத்து இசை அரும்பொருட் காட்சிசாலையில் உள்ளது.

சிறு தொகையுடையோருக்கு இதனினும் பயனுள்ள பாடம் இல்லை. முதுகும் பக்கங்களும் ஒட்டுப்பலகையாய் இருப்பினும் தாழ்வில்லை. மேற்பலகை மட்டும் ஸ்புரூஸ் அல்லது சீடர் மரத்தின் ஒற்றைப் பலகையாய் இருத்தல் நன்று. இதனை அறிவது எளிது. ஒலித்துளையின் விளிம்பை உற்றுநோக்குக. மேலே காணும் மரவரிகள் விளிம்பிலும் தொடர்ந்து கீழிறங்கினால் அது ஒற்றைப் பலகை. விளிம்பில் அடுக்கடுக்காகத் தகடுகள் தோன்றினால் அது ஒட்டுப்பலகை.

முதுகுக்குப் பயன்படும் ஈட்டிமரம் தென்னிந்தியக் காடுகளில் வளர்வது. விரற்பலகைக்குச் சிறந்ததெனப் போற்றப்படும் கருங்காலியோ இலங்கையின் வறண்ட காடுகளுக்கு உரியது. இவை பெருமைக்குரியனவே, எனினும், தொடக்கக் கருவியில் இவற்றைத் தேடிப் பணத்தைச் செலவிடுதல் வேண்டியதில்லை.

மேற்பலகையினும் முதன்மையானது தண்டு. வாசிக்க இயலாத கருவியின் குரல் இனிதாயிருந்து பயன் என்ன? எனவே கடையிலேயே சில சோதனைகளைச் செய்தல் வேண்டும்.

தந்தியை முதலாம் மெட்டிலும் தண்டு குடத்தோடு சேரும் இடத்து மெட்டிலும் ஒருங்கே அழுத்திப் பார்க்க. நடுவில் மெல்லிய அட்டை ஒன்று நுழையும் இடைவெளியே இருத்தல் வேண்டும். அதனின் மிக்கால் தண்டு வளைந்துள்ளது. உருக்குத் தந்திக் கிற்றார்களின் தண்டினுள் இதனைத் திருத்தும் இரும்புக்கோல் உண்டு. நைலோன் கிற்றார்களில் அது பெரும்பாலும் இராது.

அடுத்து, 12 ஆம் மெட்டின் மேல் தந்தி நிற்கும் உயரம். தடித்த தந்திக்கு, நைலோனாயின் ஏறத்தாழ 4 மில்லிமீற்றரும் உருக்காயின் இரண்டரை மில்லிமீற்றரும் போதியவை. மிக உயர்ந்திருந்தால், குதிரையின் மேல் தந்தியைத் தாங்கும் வெண்ணிறத் துண்டைத் தேய்த்துத் தாழ்த்தலாம். அத்துண்டு ஏற்கனவே தேய்ந்து குறுகியிருப்பின் அக்கருவியை விட்டுவிடுக. தண்டையே கழற்றிப் பூட்டும் செலவு, கருவியின் விலையை மிஞ்சிவிடும்.

மூன்றாவது, சுருதிச் சோதனை. 12 மெட்டுகளும் 12 சுரத்தானங்கள் ஆதலின், 12 ஆம் மெட்டில் மேல் ஸ்தாயி பிறக்கும். அம்மெட்டிற்கு நேர்மேலே தந்தியை அழுத்தாது தொட்டு மீட்டினால் மணியொலி ஒன்று எழும். பின்னர் அங்கேயே அழுத்தி மீட்டுக. இரண்டும் ஒன்றினால் கருவி மெய்யானது. பழந்தந்தி பொய்யுரைக்கும், ஆதலின் புதுத்தந்தி பூட்டியே சோதித்தல் தகும்.

இவற்றோடு, ஒவ்வொரு மெட்டிலும் அழுத்தி மீட்டி அதிர்வோசை கேட்கிறதா எனவும், மெட்டுகளின் முனை கையைக் கீறுகிறதா எனவும், குதிரையின் அடியில் காகிதம் நுழையுமளவு பிளவு உண்டா எனவும் நோக்குக.

ஈரமிக்க நம் நாட்டுக் காற்றில் மரம் வீங்கும். வெயிலில் நிறுத்திய வண்டியுள் பசை இளகும். ஆகவே உறை ஒன்றும், அதனுள் ஈரம் உறிஞ்சும் சிறு பொதியும், மாற்றுத் தந்திகளும் வாங்குவதற்குத் தொகையிற் சிறுபகுதியை ஒதுக்குக. மேற்கூறிய சோதனைகளில் தேறிய பழைய கிற்றார், அதே விலைக்குக் கிடைக்கும் புதியதினும் மேலாதல் கூடும். ஏனெனில் காலம் அதனை ஏற்கனவே சோதித்துள்ளது.

தண்டு முதலாவது, மேற்பலகை இரண்டாவது, பளபளப்பும் வேலைப்பாடும் கடைசி. இவ்வொழுங்கை மறவாது தெரிவு செய்வோர், வாசிக்கத் தெரிந்த ஒருவரையும் உடன் அழைத்துச் செல்வாராயின், செலவிட்ட சிறு தொகையும் வீண்போகாது. பிள்ளையின் ஆர்வமும் வாடாது.