புதிய இதழும் பழைய அம்பாவும்

சென்ற மாதம் எம்மிடம் பயிலும் மாணவனொருவன், சென்னையிலிருந்து வந்த இசைச் சஞ்சிகை ஒன்றின் புதிய இதழைக் கொணர்ந்து எமது மேசைமீது வைத்தான். புல்மோட்டையைச் சேர்ந்தவன், பாட்டென்றால் ஊண் உறக்கம் மறப்பவன். வழவழப்பான தாள், வண்ணப் படங்கள், பாடகரின் பேட்டி யாவும் இருந்தன. புரட்டிப் பார்த்துவிட்டு, "பாட்டு எங்கே?" என்று வினவினோம். "பாட்டெல்லாம் போனிலே இருக்கே, சேர்!" என்றான்.

நியாயந்தான். ஆயினும், பாட்டின் சொற்களைத் தாளிலே கண்டு மகிழ்ந்த தலைமுறைகள் சில உண்டு. 1931இல் 'காளிதாஸ்' வெளிவந்து தமிழ்ப்படம் பேசத் தொடங்கிய பின்னர், கொட்டகை வாசலிலே பாட்டுப் புத்தகம் விற்பது வழக்கமாயிற்று. சில சல்லிக்கு வாங்கும் அச்சிறு புத்தகத்தில் கதைச் சுருக்கமும் இருக்கும். கதை உச்சத்தை அடையும் இடத்தில் மிச்சத்தை வெள்ளித்திரையில் காணுமாறு சொல்லி நிறுத்திவிடுவார்கள். அந்தக் குறும்பை எண்ணினால் இன்றும் சிரிப்பு வருகின்றது. 'பேசும் படம்', 'குண்டூசி', 1966இல் தோன்றிய 'பொம்மை' முதலிய சஞ்சிகைகள் கடல்கடந்து இங்கும் வந்தன. ஓர் இதழைப் பத்து வீட்டார் படிப்பர். உரியவரிடம் அது மீளும்போது அட்டை இராது.

அக்காலத்தில் வானொலியும் கைகொடுத்தது. 1952இல் அகில இந்திய வானொலி சினிமாப் பாடல்களை ஒதுக்க முற்பட்டபோது, தமிழகத்து நேயர்களும் இலங்கை வானொலியின் வர்த்தக சேவையை நாடினர். காதால் கேட்ட சொல்லைப் புத்தகத்தில் ஒப்பிட்டுத் திருத்திக்கொள்வது அந்நாளைய இளைஞரின் பொழுதுபோக்கு. அதுவும் ஒருவகைத் தமிழ்ப் பாடமே என்போம்.

1970ஆம் ஆண்டுகளில் இந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டது. வாசகர் பலர் மனம் வருந்தினர். எனினும் நம் நாட்டு எழுத்துக்கும் பாட்டுக்கும் அதனால் ஓர் இடம் கிடைத்தது. வானொலியில் ஈழத்து மெல்லிசை ஒலித்தது. நித்தி கனகரத்தினம், ஏ.ஈ. மனோகரன் ஆகியோரின் பொப்பிசைப் பாடல்களைச் சிறுவரும் முணுமுணுத்தனர். அக்காலத்து ஈழத்துச் சஞ்சிகைகள் பலவற்றை, 2005இல் தொடங்கிய நூலகம் என்னும் இணைய நூலகத்தில் மாணவர் இன்றும் படிக்கலாம்.

இவற்றையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த மாணவன், "எங்கட ஊர்ப் பாட்டு எந்தப் புத்தகத்திலே வந்தது, சேர்?" என்றான். எமக்கு விடை தெரியவில்லை.

திருகோணமலையிலிருந்து வடக்கே 50 கிலோமீற்றருக்கு மேல் சென்றால் புல்மோட்டை. இல்மனைற்று மணலால் பெயர்பெற்ற ஊர்; 1957இல் கனிய மணல் கூட்டுத்தாபனம் அமைக்கப்பட்டதும் அம்மணலுக்காகவே. ஆனால் அக்கரையில் மணலை விடப் பழைய செல்வம் ஒன்று உண்டு. கரைவலை இழுப்போர் பாடும் அம்பாதான் அது. ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க, மற்றவர் ஒரே மூச்சாய் ஏற்றுப் பாடிக் கயிற்றை இழுப்பர். பாட்டு நின்றால் கை தளரும். கை ஓய்ந்தால் பாட்டும் நின்றுவிடும். பிற்காலத்திலோ பல கரைகளில் உழவு இயந்திரமே கயிற்றை இழுக்கத் தொடங்கியது. இயந்திரத்துக்கு அம்பா எதற்கு?

விடுமுறை நாளொன்றில் அம்மாணவனுடன் அவன் மூத்தவாப்பாவைக் காணச் சென்றோம். தேநீர் தந்து உபசரித்தார். இளமையில் அம்பா பாடியவர். நாம் கேட்டதும் கண்ணை மூடிக்கொண்டு தொடங்கினார். இரண்டடி வந்தது. மூன்றாவது அடியில் தடுமாறினார், மீண்டும் தொடங்கினார், மீண்டும் அவ்விடத்திலேயே நின்றார்.

"கையிலே கயிறு இல்லாம அது வராது, மாஸ்டர்" என்றார், வெட்கப்பட்டவர்போல.

மாணவன் எழுந்து உள்ளே சென்று, கொடியில் கட்டியிருந்த கயிற்றின் ஒரு முனையை அவிழ்த்து அவர் கையில் கொடுத்தான்; மறுமுனையைத் தானே பற்றிக்கொண்டான். பெரியவர் சிரித்தார். பின்பு இழுத்தார். மூன்றாம் அடி வந்தது, நான்காவதும் வந்தது. ஐந்தாம் அடிக்குள் இருமல் வந்துவிட்டது.

அந்த நான்கு அடிகளும் இப்போது அவன் கொப்பியில் இருக்கின்றன. கீழே ஒரு பக்கத்தை வெறுமையாகவே விட்டிருக்கிறான். வாடைக்காற்று ஓய்ந்து, வலை மீண்டும் கடலில் இறங்கும்போது மூத்தவாப்பாவைக் கரைக்கு அழைத்துச் செல்வானாம்.