கடல் கடந்த திருமணமும் கையில் இருக்க வேண்டிய காகிதமும்



சென்ற தை மாதத்து ஞாயிற்றுக்கிழமையொன்றில், துறைமுகத்தில் உழைத்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் நம் இல்லம் தேடி வந்தார். மனுக்கள் எழுதவும் பாரங்கள் நிரப்பவும் நம்மை நாடி வருவோர் உண்டு; ரயில்வே குமாஸ்தாவுக்கு அது பழகிய பணியே. அவருடைய பேத்திக்கு மொரீசியசுத் தீவின் தலைநகரான போர்ட் லூயியிலிருந்து வரன் வந்திருந்தது. திருமணம் அங்குள்ள கோயிலில் நடைபெற வேண்டுமென்பது பிள்ளை வீட்டாரின் விருப்பம்.

“அங்கேயும் நம் முருகன் கோயில் இருக்கிறதாம், தம்பி. ஐயர் மந்திரம் ஓதித் தாலி கட்டினால் போதாதா? காகிதம் எதற்கு?” என்று வினவினார் பெரியவர்.

இக்கேள்வி அவருடையது மட்டுமன்று; நம் இல்லங்கள் பலவற்றிலும் எழுவதே. ஆதலின் அதற்குரிய விடையை இங்கு விரித்துரைக்க முற்படுகின்றோம்.

கப்பல் கட்டம் தரும் பாடம்

தீவுகளுக்குச் செல்லும் வழி கிடர்பூருக்குப் புதிதன்று. 1834ஆம் ஆண்டில் ‘அட்லஸ்’ என்னும் கப்பல் கல்கத்தாவிலிருந்து 36 தொழிலாளரை ஏற்றிச் சென்று மொரீசியசில் இறக்கியது. 1917இல் ஒப்பந்தக் கூலிக்கு ஆள் சேர்ப்பது நிறுத்தப்படும் வரை, நம் ஊரையடுத்த ஆற்றங்கரைக் கட்டங்களிலிருந்து பல்லாயிரவர் கடல் கடந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் வடபுலத்தார்; தமிழரோ பெரும்பாலும் சென்னையிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் சென்றனர். அவர்தம் நினைவாகச் சுரிநாம் நாட்டுச் சின்னமொன்று 2015இல் இக்கரையில் திறந்து வைக்கப்பட்டதை நேயர்கள் அறிவர்.

சடங்கு மட்டும் நடந்து பதிவு இல்லாத மணத்திற்கு அயல்நாட்டுச் சட்டம் எத்தகைய மதிப்பளித்தது? 1913 மார்ச்சு மாதம் தென்னாப்பிரிக்காவில், கேப் மாகாணத்து நீதிபதி சியர்ல் அளித்த தீர்ப்பு இதற்குச் சான்று. கிறித்துவ முறைப்படி நடவாத, பதிவும் செய்யப்படாத மணங்கள் செல்லா என்பது அத்தீர்ப்பின் விளைவு. தாலி கட்டிய மனைவியர் ஒரே நாளில் உரிமையற்றவராயினர். அதனை எதிர்த்துத் தமிழ்ப் பெண்களும் சிறை புகுந்தனர். தில்லையாடி வள்ளியம்மை சிறையில் நோயுற்று, விடுதலையானபின் 1914 பிப்ரவரியில் உயிர்நீத்தார். அவ்வாண்டே இந்தியர் நிவாரணச் சட்டம் பிறந்து அக்குறையை நீக்கிற்று. மணத்திற்குரிய சான்றின் அருமையை இதனினும் தெளிவாக உரைக்க வேறு கதை வேண்டுமோ?

இரண்டு வழிகள்

இந்தியக் குடிமக்கள் வெளிநாட்டில் மணம் செய்து கொள்வதற்கென வெளிநாட்டுத் திருமணச் சட்டம் 1969இல் இயற்றப்பட்டது. மணமக்களுள் ஒருவரேனும் இந்தியக் குடியாயின் இச்சட்டம் பயன்படும். மணமகனுக்கு 21 வயதும் மணமகளுக்கு 18 வயதும் நிறைந்திருத்தல் வேண்டும். இருவருக்கும் உயிருடன் வேறு கணவனோ மனைவியோ இருத்தல் கூடாது. விலக்கப்பட்ட உறவுமுறையும் கூடாது. எனினும், ஒருவருடைய வழக்காறேனும் அவ்வுறவை ஏற்குமாயின் மணம் செய்யலாம். மாமன் மகளையும் அத்தை மகளையும் கொள்ளும் நம்மவர் இவ்விதிவிலக்கை நினைவில் வைத்தல் நன்று. ஆனால், மணம் நிகழும் நாட்டின் சட்டமும் அதற்குத் தடையாயிருத்தல் கூடாது.

முதல் வழி, அந்நாட்டிலுள்ள இந்தியத் தூதரகத்தின் திருமண அதிகாரி முன்னிலையில் மணம் செய்வது. அதற்கு மணமக்களுள் ஒருவர் 30 நாளேனும் அங்கே தங்கியிருந்து அறிவிப்புக் கொடுக்க வேண்டும். ஆட்சேபம் தெரிவிக்க 30 நாள் தவணை உண்டு. பின்னர் மூன்று சாட்சிகள் முன்னிலையில் மணம் நிகழும். பதினைந்து நாள் பயணமாகச் செல்வோருக்கு இது கைகூடாது.

இரண்டாம் வழி, அந்நாட்டுச் சட்டப்படி மணம் முடித்து, பின் இந்தியத் தூதரகத்தில் அதனைப் பதிவு செய்து கொள்வது. அவ்வாறு பதிவான மணம் 1969ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் நடந்ததாகவே கருதப்படும். போர்ட் லூயியில் நம் நாட்டின் உயர் ஆணையகம் உள்ளது.

மொரீசியசில் மணங்கள் குடிநிலைப் பதிவு அலுவலகத்தின் ஏட்டில் ஏற வேண்டும். பிறப்புச் சான்றும் பாஸ்போர்ட்டும் இன்றியமையாதவை. முன்னர் மணமானவராயின், விவாகரத்துத் தீர்ப்பையோ இறந்த துணையின் மரணச் சான்றையோ காட்ட வேண்டும். மணமக்களின் சொத்து இருவருக்கும் பொதுவா, தனித்தனியா என்பதையும் மணத்தின்போதே தெரிவிக்கலாம்; ஒன்றும் கூறாவிடின் பொதுச் சொத்து முறையே பொருந்தும். கையொப்பமிடுமுன் இதனைப் பெண் வீட்டார் கேட்டறிதல் வேண்டும்.

நம்மவர் பலர் இடறும் இடம் பெயர். பள்ளிச் சான்றில் தலைப்பெழுத்து, பாஸ்போர்ட்டில் தந்தையின் முழுப்பெயர், பிறப்புச் சான்றில் வேறு எழுத்துக்கூட்டல் என மூன்று விதமாக இருப்பின் அயல்நாட்டு அலுவலர் அவற்றை மூன்று ஆட்களாகவே கொள்வார். தமிழிலோ வங்காளத்திலோ உள்ள சான்றுகளை ஆங்கிலத்தில் முறைப்படி மொழிபெயர்த்து, வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில் முத்திரை பெறுதல் நலம்.

அந்தமானில் மணம் முடிப்போர்க்கு இவை பொருந்தா. கப்பலேறிச் சென்றாலும் அது நம் நாடே. உள்நாட்டுச் சட்டமே அங்கும் செல்லும்.

பெரியவர் கண்ட பயன்

மேற்கூறிய சான்றுகளைக் கேட்டுப் பிள்ளை வீட்டாருக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தோம். மூன்று வாரம் பதில் வரவில்லை. “காகிதம் கேட்டு நல்ல வரனைக் கெடுத்துவிட்டோமோ?” என்று பெரியவர் கலங்கினார், நமக்கும் உள்ளூர அச்சமே. பின்னர் உறை வந்தது. அதனுள், மணமகனின் முதல் மனைவி நான்காண்டுகளுக்குமுன் நோயால் இறந்த செய்தியைக் காட்டும் மரணச் சான்றும், இதனை முன்பே சொல்லாதது பிழையென வருந்தி அவர் தம் கையால் எழுதிய மடலும் இருந்தன.

வீட்டில் சினமும் கண்ணீரும் எழுந்தன. பேத்தி மட்டும் அமைதியாக மடலை இருமுறை படித்தாள். தானே அவரிடம் தொலைபேசியில் பேசவேண்டுமென்றாள், பேசினாள். ஒரு வாரம் சிந்தித்தபின் இசைவு தெரிவித்தாள். ஆனால் திருமணம் முதலில் பதிவு அலுவலகத்தில், அதன் பின்னரே கோயிலில் என்பது அவள் விதித்த நிபந்தனை. பிள்ளை வீட்டாரும் அதற்கு உடன்பட்டனர்.

“நீங்கள் காகிதம் கேட்டிராவிட்டால், அவள் அங்கே போய்ச் சேர்ந்த பிறகல்லவா, தம்பி, இது தெரிந்திருக்கும்?” என்றார் பெரியவர்.

அன்பர்களே, தாலி நம் முன்னோர் தந்த மங்கலம். பதிவுச் சான்று அதற்கு வேலி. கடல் கடந்து செல்லும் நம் பெண்மக்கள் கையில் இவ்விரண்டும் இருத்தல் வேண்டும். பாரங்களைப் படிக்கவும் நிரப்பவும் துணை வேண்டுவோர் ஞாயிறு காலையில் நம் இல்லத்திற்குத் தயங்காது வரலாம்.