வீட்டுக் கைத்தொழிலும் குடும்பமும் – ஒரு ரயில்வேக்காரனின் கணக்கு

சென்ற பொங்கல் விழாவின்போது நமது சங்கக் கூடத்தில் என் மனைவி தான் வரைந்த தஞ்சாவூர் ஓவியங்களில் நான்கைப் பார்வைக்கு வைத்திருந்தாள். பார்க்க வந்த சகோதரிகளில் பலர் கேட்டது ஒரே கேள்விதான். "வீட்டையும் பார்த்துக்கொண்டு இதையும் எப்படி அக்கா செய்கிறீர்கள்?" அவள் சிரித்துக்கொண்டே என்னைக் கை காட்டிவிட்டாள். "அது பெரிய கதை. அவரையே எழுதச் சொல்லுங்கள்." பக்கத்தில் நின்ற நமது ஆசிரியரும் பிடித்துக்கொண்டார்.

நான் எழுத்தாளன் இல்லை. சிவில் டிப்ளமா முடித்து 1983-ல் ரயில்வேயில் சேர்ந்து, ஆம்லா, வர்தா, நாக்பூர் என்று முப்பத்தாறு வருடங்கள் தண்டவாளத்தோடு குப்பை கொட்டி, 2019-ல் ஓய்வு பெற்றவன். எனவே ரயில்வேக்காரன் பாஷையிலேயே சொல்கிறேன். வாசகர்கள் பொறுத்தருள வேண்டும்.

முதலில் வேலை என்னவென்று தெரிய வேண்டும். தஞ்சாவூர் ஓவியம் உட்கார்ந்த இடத்தில் ஒரே மூச்சில் முடிகிற காரியம் அல்ல. பிளைவுட் பலகையில் துணியை ஒட்டி, அதன்மேல் சாக் பவுடரையும் கோந்தையும் குழைத்துப் பூசி, காய வைத்து, எமரி பேப்பரால் வழவழவென்று தேய்க்க வேண்டும். பிறகு கார்பன் தாள் வைத்துப் படத்தை இறக்கி, கற்களைப் பதித்து, நகை, தூண், மண்டபம் ஆகிய இடங்களை அதே பசையால் மேடாக எழுப்ப வேண்டும். அது காய்ந்தபின் தங்க ரேக்கு ஒட்டி, வர்ணம் கொடுத்து, கடைசியில் முகமும் கண்ணும் எழுத வேண்டும். ஒவ்வொரு படிக்கும் நடுவே காய்கிற நேரம் உண்டு. பலகை காயும்போது சாம்பார் கொதிக்கலாம். அதனால்தான் இது வீட்டுக்கு ஏற்ற தொழில் என்று நாங்கள் நினைத்தோம். அது பாதி உண்மை.

மறு பாதி, நாக்பூர் வெயில். மே மாதத்தில் இங்கே 45 டிகிரியைத் தொடும். ஃபேனைப் போட்டால் தங்க ரேக்கு பறந்துவிடும். ஃபேனை நிறுத்தினால் நாம் பறந்துவிடுவோம். கூலரைப் போட்டாலோ அதன் ஈரக்காற்றில் பலகை காய்வதில்லை. ஆகவே ரேக்கு வேலைக்கு ஏற்றது விடியற்காலை மட்டும்தான். ஆனால் அதே நேரத்தில்தான் பிள்ளைகளுக்கு டப்பா கட்ட வேண்டும். எனக்கும் கட்ட வேண்டும். சிக்கல் இங்கேதான் ஆரம்பம்.

2009-ல் விளையாட்டாகத் தொடங்கியவள் 2014-ல் ஆர்டர் எடுக்கும் அளவுக்கு வந்துவிட்டாள். அந்த வருட நவராத்திரிக்கு ஆறு படங்கள் ஒப்புக்கொண்டிருந்தாள். மகள் பன்னிரண்டாம் வகுப்பு. அதிலும் அந்த வாரம் காய்ச்சல். எனக்கு இரவில் பாதை வேலை. ஊரிலென்றால் ஒரு அத்தையோ சித்தியோ வந்து உட்கார்ந்திருப்பார்கள். இங்கே யார் இருக்கிறார்கள்? பகலெல்லாம் மகளுக்குக் கஞ்சி, மருந்து. இரவு இரண்டு மணி வரை படம். ஒரு நாள் காலை அடுப்பில் பாலை வைத்துவிட்டு, சுவரில் சாய்ந்தபடியே தூங்கிவிட்டாள். பால் பொங்கி அடுப்பு அணைந்து, கேஸ் மட்டும் வந்துகொண்டிருந்தது. நாற்றம் உணர்ந்து எழுந்து வந்து மூடியவள் காய்ச்சலில் படுத்திருந்த மகள்தான்.

வேலையிலிருந்து திரும்பி இதைக் கேட்டதும் எனக்கு உடம்பெல்லாம் நடுங்கியது. பயம் கோபமாக மாறியது. "நமக்கு எதுக்கு இதெல்லாம்? என் சம்பளத்தில் என்ன குறைச்சல்? நிறுத்திவிடு" என்றேன். அவள் அழவில்லை. நிதானமாகக் கேட்டாள்:

"நீங்க நைட் டூட்டி முடிச்சிட்டு வந்து தூங்கும்போது, நானும் பிள்ளைங்களும் டி.வி.கூட போடாம இருந்தோம். நான் பிரஷ்ஷைப் பிடிச்சிட்டிருக்கும்போது காலிங் பெல் அடிச்சா, வீட்டில் மூணு பேர் இருந்தும் நான்தானே எழுந்து போறேன். என் வேலையை நீங்க வேலைன்னு நினைக்கலைங்க."

எனக்குப் பதில் வரவில்லை.

அன்றிரவு லைனில் நிற்கும்போது ஒரு விஷயம் உறைத்தது. தண்டவாளத்தில் பெரிய பழுது பார்க்க, கண்ட்ரோலிடம் 'பிளாக்' கேட்போம். அதாவது, இன்ன நேரத்திலிருந்து இன்ன நேரம் வரை இந்தப் பாதையில் வண்டி விடமாட்டோம் என்ற உறுதி. வண்டிகள் தாமதமாகுமே என்று பிளாக் தர மனம் வராது. ஆனால் எங்கள் மேஸ்திரிகள் சொல்வார்கள்: "நாம் பிளாக் கொடுக்காவிட்டால், தண்டவாளம் தானே எடுத்துக்கொள்ளும்." அதாவது ஒருநாள் ரெயில் உடைந்து, எல்லா வண்டியும் நிற்கும். என் வீட்டில் நடந்தது அதுவேதான். அவளுக்கு யாரும் நேரம் ஒதுக்கவில்லை. அவளுடைய உடம்பு தானே எடுத்துக்கொண்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை நால்வரும் ஒரு காகிதத்தோடு உட்கார்ந்தோம். ஒரு அடிக்கு முக்கால் அடி அளவுள்ள படத்துக்குக் கைவேலை மட்டும் ஏறத்தாழ 32 மணி நேரம் என்று அவள் சொன்னாள். வீட்டு வேலைக்குக் குந்தகமில்லாமல் எவ்வளவு நேரம் கிடைக்கும்? திங்கள் முதல் வெள்ளி வரை காலை பத்தரையிலிருந்து ஒரு மணி வரை. அது பன்னிரண்டரை மணி. வாரத்தில் மூன்று விடியற்காலை, ஐந்தரையிலிருந்து ஏழு வரை. அது நாலரை மணி. ஆக வாரத்துக்கு 17, மாதத்துக்கு 68 மணி. அதாவது மாதம் இரண்டு படம். அவளோ ஒரே மாதத்தில் ஆறு படம் ஒப்புக்கொண்டிருந்தாள். 192 மணி நேரம். மீதி 124 மணி எங்கிருந்து வந்தது? அவளுடைய தூக்கத்திலிருந்து.

காகிதத்தில் அந்த எண்ணைப் பார்த்ததும் பையன்தான் முதலில் பேசினான். "விடிகாலையில் டீயும் டப்பாவும் நானும் அப்பாவும் பார்த்துக்கறோம்மா." முதல் மாதம் நாங்கள் கட்டிய சப்பாத்தி டப்பாவைப் பற்றி எழுதாமல் இருப்பதே மரியாதை. ஆனால் பழகிவிட்டது.

அன்று செய்துகொண்ட ஏற்பாடுகளில் இன்றுவரை நிலைத்தவற்றைச் சொல்கிறேன்.

ஒன்று, நேரம். பத்தரை முதல் ஒரு மணி வரை பிளாக். ஊரிலுள்ள உறவினர்களுக்கும் சொல்லிவிட்டோம், போன் செய்தால் ஒரு மணிக்குப் பிறகு. பக்கத்து வீட்டு மராட்டிக் காகூ கூரியர் வந்தால் வாங்கி வைப்பார். பதிலுக்கு வாரம் ஒருநாள் இட்லி மாவு போகும். மாலை ஐந்துக்கு மேல் பிரஷ்ஷைத் தொடுவதில்லை. ஞாயிறு விடுமுறை.

இரண்டு, இடம். சாப்பாட்டு மேஜையில் தொழில் நடந்தால் சாப்பாடும் கெடும், தொழிலும் கெடும். பால்கனியின் ஓரத்தை அடைத்து ஒரு சாய்வு மேஜை போட்டுக் கொடுத்தேன். இடப்பக்கம் நல்ல விளக்கு. கழுத்தும் முதுகும் பிடித்துக்கொள்ளாமல் இருக்க, முக்கால் மணிக்கு ஒருமுறை எழுந்து நடக்க வேண்டும் என்பது விதி. சிறு குழந்தைகள் உள்ள வீட்டில் பிளேடும் கற்களும் பூட்டுக்குள் இருக்க வேண்டும்.

மூன்று, ஆர்டர். மாதம் இரண்டுதான். நவராத்திரிக்கு வேண்டுமென்றால் ஆடி முடிவதற்குள் சொல்ல வேண்டும். பாதிப் பணம் முன்பணம். முடியாது என்று சொல்ல அவள் முதலில் மிகவும் கூச்சப்பட்டாள். ஆனால் காத்திருக்கச் சொன்னவர்களில் பெரும்பாலோர் காத்திருந்தார்கள்.

நான்கு, விலை. அதுவரை அந்த அளவுப் படத்தை 2,500 ரூபாய்க்குக் கொடுத்து வந்தாள். பலகை, கல், ரேக்கு, சட்டம் எல்லாம் சேர்த்து 1,450. பெட்டியும் கூரியரும் 250. மிச்சம் 800. அதை 32 மணியால் வகுத்தால் மணிக்கு 25 ரூபாய்! என் பாதையில் ஜல்லி அள்ளிய ஒப்பந்தத் தொழிலாளியின் கூலிகூட இதைவிட அதிகம். நிறைய வீடுகளில் கைத்தொழில் சுமையாவதற்கு இதுதான் காரணம். நேரத்துக்கு விலை போடாததால், காசு போதவில்லை என்று மேலும் மேலும் ஆர்டர் எடுக்கிறார்கள். மணிக்கு 60 ரூபாய் என்று வைத்து விலையை 3,600 ஆக்கினோம். இரண்டு பேர் விலகினார்கள், மற்றவர்கள் நின்றார்கள். இன்று தங்கம் விற்கிற விலையில், ரேக்கு வாங்குகிற அன்றைய விலையை வைத்தே ஒவ்வொரு படத்துக்கும் கணக்குப் போட வேண்டும். பணம் அவள் பெயரில் தனி வங்கிக் கணக்கில். மளிகைப் பணத்தோடு கலந்தால் லாபமா நஷ்டமா என்பது கடைசிவரை தெரியாது.

ஐந்து, உறவினர்கள். "வீட்டில் செய்ததுதானே, நம்ம கல்யாணத்துக்கு ஒண்ணு கொடுக்கக் கூடாதா?" என்பார்கள். கொடுக்கலாம்; வருடத்துக்கு ஒன்று. அதற்குமேல் விலைக்குத்தான். 32 மணி நேரம் என்று சொன்னால் நல்ல உறவினர்கள் புரிந்துகொள்கிறார்கள்.

ஆறு, பிள்ளைகள். மகள் படங்களைப் பெட்டி கட்டித் தருவாள். ஒவ்வொரு பெட்டிக்கும் அம்மா அவளுக்குக் கூலி கொடுத்தாள். பரீட்சை மாதத்தில் அதுவும் கிடையாது.

சட்ட விஷயமும் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். நம்மில் பலர் ரயில்வேயிலும் மத்திய அரசுப் பணியிலும் இருக்கிறோம். 1966-ஆம் ஆண்டின் ரயில்வே ஊழியர் நடத்தை விதிகளின்படி, குடும்பத்தில் ஒருவர் வியாபாரம் செய்தால் ஊழியர் அதை நிர்வாகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். மனைவியின் வியாபாரத்துக்காக ஆபீஸில் ஆள் பிடிக்கவும் கூடாது. நான் எழுதிக் கொடுத்து, நகல் வைத்துக்கொண்டேன். சிறுதொழில்களுக்கான 'உத்யம்' பதிவு 2020 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கிறது. அதற்குக் கட்டணம் கிடையாது. பணம் கேட்கிற ஏஜெண்டுகளை நம்ப வேண்டாம். மகாராஷ்டிரத்துக்குள் மட்டும் பொருள் விற்று, வருட விற்பனை 40 லட்சத்துக்குள் இருந்தால் ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயமில்லை. வெளிமாநிலத்துக்கு அனுப்புவதற்கும் இணையக் கடைகளில் விற்பதற்கும் தனி விதிகள் உண்டு. ஒரு ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

கடைசியாக, என்னைப் போல் ஓய்வு பெற்ற கணவன்மார்களுக்கு ஒரு எச்சரிக்கை. 2019-ல் வீட்டுக்கு வந்ததும், சும்மா இருக்க முடியாமல், நான் அவளுடைய தொழிலுக்கு மேனேஜராகிவிட்டேன். ரிஜிஸ்தர் போட்டேன், தினமும் "இன்றைக்கு எவ்வளவு முடிந்தது?" என்று கேட்டேன், மாதம் மூன்று படம் செய்யலாமே என்று யோசனை சொன்னேன். பத்தே நாளில், "உங்க இன்ஸ்பெக்ஷனை எல்லாம் அஜ்னி யார்டோட நிறுத்திக்குங்க. எனக்கு மேஸ்திரி வேண்டாம். பத்தரை மணிக்கு பெல் அடிச்சா எழுந்து போக ஒரு ஆள்தான் வேணும்" என்றாள்.

இப்போது என் உத்தியோகம் அதுதான். காலை பத்தரை முதல் ஒரு மணி வரை வாசல் கதவு, போன், குக்கர் விசில் மூன்றும் என் பொறுப்பு. பிள்ளைகள் இருவரும் வேலைக்குப் போய்விட்டார்கள். மகள் லீவில் வந்தால் அம்மாவோடு உட்கார்ந்து கண் எழுதக் கற்றுக்கொள்கிறாள்.

அன்று "நிறுத்திவிடு" என்று நான் சொன்னதை அவள் கேட்டிருந்தால், எங்கள் வீடு அமைதியாகத்தான் இருந்திருக்கும். ஆனால் அவள் மனதில் ஏதோ ஒன்று அணைந்துபோயிருக்கும். அது யாருக்கும் நாற்றமாகக்கூடத் தெரிந்திருக்காது. வீட்டையும் தொழிலையும் எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று சகோதரிகளைக் கேட்கிறோம். அந்தக் கேள்வியை அந்த வீட்டில் இருக்கும் மற்றவர்களிடம் கேட்பதே முறை. அவர்கள் ஒரு இரண்டரை மணி நேர பிளாக் கொடுத்தால் போதும். மற்றதை அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.