செந்தூல் தீமோர்: இரண்டு தடங்களுக்கும் கடைசி நிலையம்



மாலைப் பூசைக்கு வரும் மூத்தோரின் எண்ணிக்கை குறைந்து வருகிறது. கேட்டால், மகன் காரில் கொண்டு வந்து விட்டால்தான் உண்டு, இலகு ரயில் எங்கே கொண்டுபோய் விடுமோ என்கிறார்கள். ரயில்வே பட்டறையை நம்பி வாழ்ந்த செந்தூல் குடும்பத்தாரே இப்படிச் சொல்வதுதான் எனக்கு வியப்பு!

செந்தூல் தீமோர் நிலையம் 1998 டிசம்பரில் திறக்கப்பட்டது. அம்பாங் தடம், ஸ்ரீ பெட்டாலிங் தடம் ஆகிய இரண்டுக்கும் வடக்கு முனை இதுவே. அம்பாங்கிலிருந்து ஒரு ரயில் வருகிறது. 2016 முதல் புத்ரா ஹைட்ஸிலிருந்து மற்றொன்று. சான் சவ் லின்னில் இவ்விரு தடங்களும் ஒன்று சேர்கின்றன. அந்நிலையம் தொட்டுச் செந்தூல் தீமோர் வரையிலான 11 நிலையங்களுக்கும் பாதை ஒன்றே.

ஆகவே, ஆலயத்திற்கு வரும்போது 'செந்தூல் தீமோர்' என்று போட்ட எந்த ரயிலிலும் ஏறலாம். கண்ணயர்ந்தாலும் நிலையம் தவறாது. ரயில் அதற்கு மேல் போகாது.

வீடு திரும்பும்போதுதான் கவனம் தேவை. ரயிலின் முகப்பில் அம்பாங் என்றோ புத்ரா ஹைட்ஸ் என்றோ எழுதியிருக்கும். படித்துப் பார்த்த பிறகே ஏறுங்கள். மஸ்ஜித் ஜாமெக்கில் இறங்குவோருக்கு எதுவாயினும் சரி. மாறி ஏறிவிட்டால் பதற வேண்டாம். சான் சவ் லின்னில் இறங்கி, டிக்கெட் வாயிலைத் தாண்டாமல், உங்களுக்குரிய ரயில் வரும்வரை அங்கேயே காத்திருங்கள். மறுபடி பணம் கட்ட வேண்டியதில்லை.

தனியே வரத் தயங்குவோர் ஆலய அலுவலகத்தில் பெயர் கொடுக்கலாம். வெள்ளிக்கிழமை மாலைகளில் நம் இளைஞர் இருவர் நிலைய வாசலில் நிற்பார்கள்.