ஏரிக்கரையில் எழுந்த இல்லம்



வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்று நம் முன்னோர் சொல்லி வைத்தார்கள். பிறருக்கு வீடு கட்டிக் கொடுப்பதையே தொழிலாகக் கொண்டவர்கள், தங்களுக்கென்று ஒரு வீட்டைக் கட்டினால் எப்படிக் கட்டுவார்கள்? இக்கேள்விக்கு விடையாக ஐரோப்பாவின் வடகோடியில், பின்லாந்து நாட்டில், ஓர் ஏரிக்கரையில் ஒரு வீடு நிற்கிறது. அதன் பெயர் விட்ரெஸ்க். வெள்ளை ஏரி என்பது அதன் பொருள். இன்று அவ்வீட்டின் கதையை நாம் அறிந்துகொள்வோம்.

கொத்தனாரும் தச்சரும் வேலையில் கை வைக்கும் முன்பே, கட்டடம் எப்படி அமைய வேண்டுமென்று எண்ணிப் பார்த்துத் தாளில் வரைந்து தருபவரைக் கட்டடக் கலைஞர் என்கிறோம். எலியெல் சாரினென், ஹெர்மன் கெசேலியுஸ், அர்மாஸ் லிண்ட்கிரேன் ஆகிய மூவரும் அத்தகைய கலைஞர்கள். மாணவர்களாக இருக்கும்போதே, 1896-இல், மூவரும் கூட்டாகத் தொழில் தொடங்கினார்கள். 1900-இல் பாரிஸ் நகரில் நடந்த உலகப் பொருட்காட்சியில் பின்லாந்தின் கூடத்தை அமைத்துப் பெரும் புகழ் பெற்றார்கள். அப்போது அவர்களில் ஒருவருக்குக்கூட முப்பது வயது ஆகவில்லை.

அந்நாளில் பின்லாந்து சுதந்திர நாடன்று. ரஷ்யப் பேரரசின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. 1917-இல்தான் அது விடுதலை அடைந்தது. அதற்கு முந்திய ஆண்டுகளில், தங்களுக்கென்று ஒரு மொழியும் கலையும் உண்டு என்பதை உலகுக்குக் காட்ட அம்மக்கள் துடித்தார்கள். ஓவியர்களும் இசைவாணர்களும் கட்டடக் கலைஞர்களும் நாட்டுப்புறத்தின் பக்கம் திரும்பினார்கள். குடியானவன் கட்டிய மரவீட்டில் தங்கள் நாட்டின் முகத்தைக் கண்டார்கள்.

அந்த எண்ணத்தோடுதான் மூன்று நண்பர்களும் தலைநகரமான ஹெல்சிங்கியிலிருந்து ஏறத்தாழ 30 கிலோமீட்டர் மேற்கே, ஏரியைப் பார்த்த மேட்டு நிலத்தில் இடம் தேடினார்கள். 1901 முதல் 1903 வரை வேலை நடந்தது. அடித்தளத்திற்கு இயற்கைக் கல், சுவருக்கு மரம். முழு மரங்களைச் சீவி, ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்க வைத்து, மூலைகளில் வெட்டுக் கொடுத்துக் கோத்துவிடுவது அந்நாட்டுத் தச்சர்களின் பழைய முறை. மரங்களுக்கு இடையிலுள்ள சந்துகளில் பாசியை அடைத்துவிட்டால் குளிர்காற்று உள்ளே நுழையாது. தடித்த மரச்சுவர் அடுப்பின் வெப்பத்தை எளிதில் வெளியே விடாது. கூரை செங்குத்தாக இருப்பதால் பனி தங்காமல் சரிந்து விழும். டிசம்பர் மாதத்தில் அங்கே பகற்பொழுது சுமார் ஆறு மணி நேரந்தான். ஆகவே வரைவோருக்குச் சன்னல் வெளிச்சம் பொன்னுக்குச் சமம்.

வீட்டின் ஒரு முனையில் சாரினென் குடும்பம்; மறுமுனையில் லிண்ட்கிரேன் குடும்பம்; நடுவே மூவரும் சேர்ந்து வேலை செய்யும் நீண்ட பணிக்கூடம். குடியிருப்பும் தொழிலும் ஒரே கூரையின்கீழ் அமைந்தன. நாற்காலி, விளக்கு, விரிப்பு என்று எதையும் அவர்கள் சிறிதென ஒதுக்கவில்லை. எல்லாவற்றையும் வீட்டோடு பொருந்துமாறு அமைத்தார்கள். கெசேலியுசின் தங்கை லோயா சிற்பம் பயின்றவர், நெசவிலும் வல்லவர். 1904-இல் அவர் சாரினெனை மணந்தபின், வீட்டின் அழகில் அவருடைய கையும் சேர்ந்தது.

ஆயினும், கூட்டு நெடுநாள் நீடிக்கவில்லை. 1905-இல் லிண்ட்கிரேன் பிரிந்து சென்றார். 1907-இல் மற்ற இருவரின் கூட்டும் முடிந்தது. கெசேலியுஸ் 1916-இல் காலமானார். 1922-இல் வீட்டின் வடபகுதியைத் தீ அழித்தது. மறு ஆண்டு சாரினென் குடும்பத்தோடு அமெரிக்கா சென்றார். ஆனால் கூட்டாக அவர்கள் வரைந்த தேசிய அருங்காட்சியகமும், பின்னர் சாரினென் உருவாக்கிய ஹெல்சிங்கி ரயில் நிலையமும் அந்நகரின் பெருமைகளாக விளங்குகின்றன. ரயில் நிலைய வாசலில், கைகளில் விளக்கேந்தி நிற்கும் பெரிய கற்சிலைகளைப் பயணிகள் வியந்து பார்ப்பதுண்டு.

பெற்றோர்களே, இக்கதையில் நாம் மிகவும் கவனிக்க வேண்டிய பகுதி இனிமேல்தான் வருகிறது. 1910-இல் சாரினென் தம்பதிக்கு ஈரோ என்ற மகன் பிறந்தான். தந்தை வரையும் பணிக்கூடமே அவனுக்கு விளையாட்டுத் திடலாயிற்று. பெரியவர்கள் வேலை செய்ய, அவனும் மேசையோரத்தில் தாளும் பென்சிலுமாக இருந்தான். வளர்ந்து அவனும் கட்டடக் கலைஞனானான். அமெரிக்காவில் செயிண்ட் லூயிஸ் நகரின் நினைவுச் சின்னத்திற்காக 1947-இல் நடந்த போட்டியில் தந்தையும் மகனும் தனித்தனியே கலந்துகொண்டார்கள். இறுதிச் சுற்றுக்குத் தேர்வானதாகத் தந்தையின் பெயருக்குத் தந்தி வந்தது. குடும்பமே கொண்டாடியது. பின்னர்தான், பெயர் மாறி வந்துவிட்டது, தேர்வானவர் மகன் என்று தெரிந்தது. தந்தை முகம் சுளிக்கவில்லை. மகனின் வெற்றிக்காக மீண்டும் கொண்டாடினார். மகன் வரைந்தபடி எழுந்த அந்த எஃகு வளைவின் உயரம் 192 மீட்டர். 1965-இல் அது முடிந்தபோது அதைக் காண ஈரோ உயிரோடு இல்லை, 1961-லேயே மறைந்துவிட்டார்.

எலியெல் சாரினென் 1950-இல் அமெரிக்காவில் காலமானார். அவருடைய அஸ்தி, தம் கையால் வரைந்து கட்டிய அந்த ஏரிக்கரை இல்லத்துக்கே திரும்பி வந்தது. 1971-இல் அவ்வீடு அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது.

நேயர்களே, லயத்து வீட்டில் வாழ்ந்தவர்களுக்கு இத்தகைய மாளிகை எட்டாத கனவாகத் தோன்றலாம். இரண்டு அறைக்குள் ஒரு குடும்பமே அடங்கியாக வேண்டிய நிலையை நாம் அறியாதவர்கள் அல்லர். ஆனால் ஈரோவை உருவாக்கியது மாளிகையின் அகலமன்று. அவனுக்கென்று ஒரு மேசையோரம் இருந்தது. அவன் கிறுக்கியதைத் தள்ளிவிடாத பெரியவர்கள் பக்கத்தில் இருந்தார்கள். மாலையில் வானொலியின் ஒலியைச் சற்றுக் குறைத்து, விளக்கடியில் பிள்ளைக்கு ஓர் இடம் ஒதுக்கிக் கொடுப்பது எந்த வீட்டிலும் இயலும். அவ்விடத்தில் வேறொருவரும் தட்டோ துணியோ வைக்காமல் பார்த்துக்கொள்வோம். வீடு சிறியதாயினும், அந்த ஒரு முழ இடம் பிள்ளைக்கே உரியதாக இருக்கட்டும்.