விடைபெற்ற இரவின் ஒலிப்பதிவு

எக்ஸ் ஜப்பான் என்னும் ஜப்பானிய ராக் இசைக்குழு, 1997 டிசம்பர் 31 அன்று டோக்கியோ டோம் அரங்கில் தன் இறுதிக் கச்சேரியை நிகழ்த்தியது. பாடகர் தோஷி விலகியமையால் குழு கலையும் என்பது முன்னரே அறிவிக்கப்பட்டிருந்தது. எனவே, அரங்கில் கூடியோர் பிரிவை அறிந்தே வந்தவர்கள்.

அந்நிகழ்ச்சியின் இசைத்தட்டு 2001இல் வெளிவந்தது. வெறும் இரைச்சல் என்றே நாமும் முதலில் எண்ணினோம். ஆனால், மின்கிதார்களின் முழக்கம் அடங்கி, யோஷிக்கி பியானோ வாசிக்கும் இடங்களில் பல்லாயிரவர் குரல் எழுகிறது. கூடத்தில் தனித்து அமர்ந்து செய்யும் ஒலிப்பதிவில் இதனைப் பெறவியலாது.

அன்று அவர்கள் அறியாத ஒன்றை இன்று அறிந்தே கேட்கிறோம். கிதார்க் கலைஞர் ஹிடே 1998 மே 2 அன்று காலமானார். 2008இல் குழு மீண்டும் அதே அரங்கில் கூடியபோது, ஹிடே ஒளியுருவமாகவே மேடையில் தோன்றினார்.