மார்பகப் புற்றுநோயின் தொடக்கநிலையும் சிகிச்சைத் தெரிவும்

மார்பகத்திற் புற்றுநோய் என்றதும், மார்பகம் முழுவதையும் இழத்தலே வழியெனக் கலங்குவோர் பலர். இவ்வெண்ணத்திற்கு வரலாற்றுக் காரணமுண்டு. அமெரிக்க மருத்துவர் ஹால்ஸ்டெட் 1894 ஆம் ஆண்டில் விளக்கிய சத்திரசிகிச்சையில் மார்பகமும், அதன் கீழுள்ள தசைகளும், அக்குளின் நிணநீர்க்கணுக்களும் ஒருங்கே அகற்றப்பட்டன. நெடுங்காலம் அதுவே நியதியாயிருந்தது.

இத்தாலியின் மிலான் நகரில் வெரொனேசி என்பார் இதனை ஆராய்ந்தார். 2 சென்ரிமீற்றருக்கு மேற்படாத கட்டியுடைய 701 பெண்கள், 1973 முதல் 1980 வரை, இரு பிரிவினராக வகுக்கப்பட்டனர். ஒரு சாரார்க்கு ஹால்ஸ்டெட் முறை கையாளப்பட்டது. மற்றையோர்க்குக் கட்டியிருந்த பகுதியும் அக்குளின் கணுக்களுமே அகற்றப்பட்டுக் கதிர்ச்சிகிச்சை அளிக்கப்பட்டது. 2002 இல் வெளிவந்த இருபதாண்டு முடிவின்படி, முன்னையோருள் 8 பேர்க்கும் பின்னையோருள் 30 பேர்க்கும் நோய் அவ்விடத்தே மீண்டும் தோன்றிற்று. எனினும் உயிர்வாழ்வில் இரு சாராரிடையும் வேறுபாடு காணப்படவில்லை.

ஆகவே, தொடக்கநிலையிற் பெரும்பாலார்க்குத் தெரிவு உண்டு. நோய் மார்பகத்தின் பல பகுதிகளிற் பரந்திருப்பினும், கதிர்ச்சிகிச்சை ஏலாதாயினும் முழு அகற்றலே பொருந்துவதாகலாம். மருந்துச்சிகிச்சை வேண்டுமோ என்பது கட்டியின் இயல்பைப் பொறுத்தது. இவற்றை மருத்துவரிடம் வினவித் தெளிதற்குச் செலவாகும் சின்னாட்கள் வீண்நாட்கள் அல்ல.